துடைக்கக் கூடாத காசு

சலவைக் கடையில் அவளுக்குக் கறைக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வெளுக்க இயந்திரம் இருக்கிறது, தேய்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் கைவிட்ட துணிகள் கடைசியில் அவள் மேசைக்கு வரும். ஜன்னலை ஒட்டிய மேசை அது. குழல்விளக்கு முகத்துக்கு நேரே பொய் சொல்லும், பகல் வெளிச்சம் சொல்லாது என்பது அவள் கட்சி. சட்டையை விரித்து, முகர்ந்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது காபி இல்ல. துரு. இரும்புக் கம்பியில காயப் போட்டிருக்காங்க" என்பாள். எடுக்க முடிந்ததை எடுப்பாள். முடியாததை, "இது போகணும்னா துணியும் சேர்ந்து போயிடும்" என்று திருப்பிவிடுவாள். இத்தனை வருடத்தில் அவள் கை பட்டு ஒரு துணி கெட்டதில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதலாளியம்மா அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

அந்தப் பெருமை ஒன்றுதான் அவளிடம் இருந்த தலைக்கனம். வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த இடத்தில் விரிப்பிலோ திரையிலோ எதையாவது கண்டுபிடித்துவிடுவாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா இவ மாப்பிள்ளையோட சட்டைக் காலரைத்தான் பாக்கறா, மூஞ்சியைப் பாக்கறதில்ல" என்பார்.

அவளுக்கும் தங்கைக்கும் பொதுவில் ஒரு தங்கக் காசு இருந்தது. அம்மா ஒரு பெரிய வீட்டுக்குத் தையல் வேலை பார்த்து வந்தாள். அந்த வீட்டம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது அவள் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனது அந்தக் காசு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த பெண் தலை, மறுபக்கம் சிறகு விரித்த பறவை. அம்மா அதில் ஓட்டை போடவும் விடவில்லை, உருக்கவும் விடவில்லை. அம்மா போன பிறகு, பெண்கள் இரண்டு, காசு ஒன்று. வெட்டிப் பங்கு போட அது துணியில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும். நான் மூக்குக் கண்ணாடியையே வாரம் ஒரு தடவை தொலைக்கிறவ" என்று தங்கைதான் சொன்னாள். அப்படியே இருந்து வந்தது.

தங்கைக்கு மருந்துக் கடையில் வேலை. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்ப்பாள், மனிதர்களையும் அப்படித்தான். இந்த வருடம் பித்தப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சை ஆகி எழுந்ததிலிருந்து அவளுக்கு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று ஒரு வேகம். அக்கா வீட்டுக்கு வந்தவள் காசுப் பேச்சை எடுத்தாள். பழைய காசுகளுக்குத் தரம் போடும் நிறுவனம் இருக்கிறதாம். அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, எழுபதுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் கொடுத்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்களாம். கடைவீதியில் பழைய காசு விற்கிற ஒருவர் வாங்கி அனுப்பி வைக்கிறாராம்.

"எழுபதுக்கா? நூத்துக்குப் போட்டா கை வலிக்குமாமா?" என்றார் மெக்கானிக்.

"நீங்க சும்மா இருங்க மாமா. நாளைக்கு நானும் இல்ல, இவளும் இல்லன்னா நம்ம பிள்ளைங்க இது என்ன ஏதுன்னு தெரியாம அடிச்சுக்கக் கூடாது. விக்கிறதுக்குக் கேக்கல. என்ன வெச்சிருக்கோம்னு தெரியணும், அவ்வளவுதான்."

கறைக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த சனிக்கிழமை போவதென்று முடிவாயிற்று.

தவறு நடந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். காசை எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். எழுத்துகளின் இடுக்கில் கறுப்பு. பறவையின் சிறகில் செம்பு நிறத்தில் ஒரு மங்கல். இந்தக் கோலத்திலா ஒரு பரீட்சைக்கு அனுப்புவது? தலை வாராமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் யாரைச் சொல்வார்கள்? அவள் அவசரப்படவில்லை. தங்கம் மெத்தென்ற உலோகம் என்று தெரியும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, பல் தேய்க்கிற புது பிரஷ். விளிம்பில் ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தாள். அந்த இடம் பளிச்சென்று வந்தது. அது வந்ததுமே மிச்சமெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. இது அவள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. துணியாக இருந்தால் நிறுத்தியிருப்பாள். இது துணியில்லையே என்று சமையல் சோடாவைக் குழைத்து, ஃபிளானல் துணியில் தொட்டு, இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டாள். காசு நேற்று அடித்த மாதிரி ஆயிற்று.

அந்தச் சந்தோஷத்தில்தான், நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கக் காசுக் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"பத்து மணிக்கு வாங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. காசைத் துடைச்சிடாதீங்க."

"தூசி இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"கொஞ்சம் கறுத்திருந்தா?"

"அது அழுக்கில்லம்மா, அதோட தோல். அதைப் பாத்துத்தான் மார்க்கே போடுவாங்க. பாசத்துல பல் தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சுத் தேய்ச்சுக் கொண்டு வந்து நிப்பாங்க, எனக்கு அழுகையா வரும். தேய்ச்ச காசுக்கு மார்க்கே கிடையாது. 'துடைக்கப்பட்டது'ன்னு எழுதி அனுப்பிடுவாங்க."

"சரிங்க" என்றாள் கறைக்கா. தேய்த்த பிரஷ் சமையலறை ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் தங்கையிடம் முழங்கால் வலி என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர், ஒரு கண்ணாடிக் குவளையில் ஆறிப்போன தேநீரையும் அதன் அடியில் காசையும் பார்த்தார்.

"டீயில தங்கம் போட்டுக் குடிக்கிற அளவுக்கு நமக்கு எப்ப வசதி வந்துச்சு?"

"பேசாதீங்க. ஊறுது."

தேநீரின் கறையைப் பற்றி அவளுக்குத் தெரியாததில்லை. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தால் அன்றே கவனிக்காவிட்டால் ஆயுசுக்கும் போகாது. ஆனால் காசைக் குவளையிலிருந்து எடுத்துத் துடைத்தால் தேநீரும் கூடவே போயிற்று. உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து வியர்வையை ஏற்றிப் பார்த்தாள். கடையில் தேய்ப்பு அறையின் ஆவி படும் அலமாரியில் காகிதத்தில் சுற்றி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அந்த அறைப் பக்கமே கண்ணாக இருந்து, ஒரு பட்டுச் சட்டையை இரண்டு முறை அலசினாள். எதற்கும் காசு மசியவில்லை. ஊரார் துணியிலெல்லாம் வேண்டாமல் ஒட்டிக்கொள்கிற கறை, வேண்டும் என்று கேட்டபோது வரவில்லை.

"போய்ச் சொல்லிடேன்" என்றார் கணவர்.

"சொன்னா அவ என்ன நினைப்பா?"

"நீ துடைச்சேன்னு நினைப்பா."

"விளையாடாதீங்க. அதுல பாதி அவளோடது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இப்பதான் எழுந்து நடக்கிறா. அவ ஆசையா கேட்டது இது ஒண்ணு. அதைக் கெடுத்தது நான்னு எப்படிப் போய் நிக்கிறது? எவளோ ஒருத்தி தெரியாம பண்ணினா பரவாயில்ல. நான் பண்ணலாமா?"

லிஃப்ட் நின்றுபோனால் மேலேயோ கீழேயோ ஒரு பக்கம் இழுத்துவிட்டு ஆட்களை வெளியேற்றலாம். நடுவில் தொங்குவதுதான் ஆகாது என்றார் மெக்கானிக்.

அடுத்த வாரம் கடையில் ஆள் இல்லை என்றாள். அதற்கடுத்த வாரம் தங்கையே போன் செய்தாள்.

"சொல்லு. இந்த வாரம் எது வலிக்குது?"

"வலியெல்லாம் இல்லடி. யோசிச்சேன். எதுக்கு அதைப் பிளாஸ்டிக்ல அடைச்சுக்கிட்டு? கையில எடுத்துப் பாக்கக்கூட முடியாது. அம்மாவுக்கே இதெல்லாம் பிடிக்காது."

"அம்மா உயிரோட இருந்தப்போ பிளாஸ்டிக் பெட்டியைப் பத்தி உன்கிட்ட தனியா கூப்பிட்டுப் பேசினாங்களா?"

"அதுக்கில்ல..."

"அன்னைக்கு நான் கேட்டப்போ சரின்னு தலையாட்டினியே. இந்த மூணு வாரத்துல என்ன ஆச்சு?" தங்கையின் குரல் தாழ்ந்தது. அவள் கத்தினால் பயமில்லை. குரல் தாழ்ந்தால்தான் பயம். "அக்கா, ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லு. அந்தக் காசு உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு" என்றாள் கறைக்கா. அவள் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"சரி. வெச்சிடறேன்."

அன்று பகலெல்லாம் வேலை ஓடவில்லை. விற்றுவிட்டேன் என்று நினைக்கிறாள். அல்லது அடகு. அல்லது எனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று. துடைத்தவள் என்ற பெயரா, திருடி என்ற பெயரா என்று வந்து நின்றுவிட்டது. மேசைமேல் யாருடைய மேல்கோட்டோ கிடந்தது, எண்ணெய்க் கறையோடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குள் ஒரு துணி கெட்டுப்போனால், கெடுத்தவர்தான் முன்பக்கம் வந்து வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். மடித்துக் கொடுக்கக் கூடாது. விரித்து, கெட்ட இடம் மேலே தெரியும்படி மேசையில் போட வேண்டும். "அவங்க வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்பி வந்தா அது சண்டை. இங்கயே பாத்துட்டா அது வருத்தம்" என்பார் முதலாளியம்மா. மற்றவர்கள் காது சிவக்க அப்படி நின்றதைக் கறைக்கா எத்தனையோ முறை உள்ளிருந்து பார்த்திருக்கிறாள். அவள் முறை வந்ததில்லை.

"தலைவலி, சீக்கிரம் கிளம்பறேன்" என்றாள் முதலாளியம்மாவிடம்.

"கறைக்கா, அந்தக் கோட்டு நாளைக்கு வேணும்."

"அது போகாதும்மா" என்றாள், தொட்டுக்கூடப் பார்க்காமல்.

தங்கை அப்போதுதான் மருந்துக் கடையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வா என்று சொல்லவில்லை. கறைக்கா உட்காராமல், பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து, காசைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள். பறவைப் பக்கம் மேலே, அதுதான் அதிகம் தேய்த்த பக்கம்.

தங்கை முதலில் மூச்சை விட்டாள். காசு இருக்கிறது என்ற மூச்சு அது. பிறகு கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"நான் துடைச்சிட்டேன்" என்றாள் கறைக்கா. "நல்லா இருக்கட்டும்னு. சோடா போட்டு. அப்புறம்தான் அந்தக் கடைக்காரர் சொன்னார், துடைக்கக் கூடாதாம். மார்க்கே போட மாட்டாங்களாம். கெடுத்துட்டேன். அதான் இத்தனை நாளா உனக்கு ஆட்டம் காட்டினேன்."

தங்கை காசை எடுத்தாள். திருப்பினாள். அவள் திருப்பிய விதமே அக்காவுக்குப் பிடிக்கவில்லை. மருந்து அட்டையைத் திருப்புகிற மாதிரி இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு."

"அதுதாண்டி கெட்டது."

"சுத்தமா இருந்தா மார்க் இல்லையாம், அழுக்கா இருந்தா மார்க்காம். எந்த ஊர்ல நடக்கும் இது?" தங்கை காசை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். "அம்மாவோட காசு இப்படியா இருக்கும்? அது மங்கலா, செம்பு மாதிரி இருக்கும். இது புதுசா இருக்கு."

"துடைச்சதால."

"துடைச்சா இவ்வளவு புதுசா ஆகுமா?"

கறைக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் மாத்திட்டேங்கிறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்றே."

தங்கை சொல்லத்தான் இல்லை. ஆனால் அந்த மேசையில் காசு கிடந்த அழகில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கறைக்காவின் கைவேலை அவ்வளவு சுத்தம். ஒரு கறையையாவது விட்டு வைத்திருந்தால் இது எங்கள் காசு என்று காட்டியிருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்து, அதையே நம்பவைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்படி ஆயிற்று.

"நாளைக்கே போகலாம்" என்றாள் கறைக்கா. "உன் கையிலயே வெச்சுக்கோ. என்கிட்ட வேண்டாம். நீ கொண்டு வா, அவர் பாக்கட்டும்."

இத்தனை நாள் அந்தக் கடைப் பேரைக் கேட்டாலே நடுங்கியவள், அன்று தூங்காமல் கிடந்தது அந்தக் கடை சீக்கிரம் திறக்க வேண்டுமே என்றுதான். வேறு பயம் ஒன்றும் கூடச் சேர்ந்திருந்தது. அவர் பார்த்துவிட்டு, 'யாரும் துடைக்கவில்லை, இது புதுசு' என்று சொல்லிவிட்டால்? அந்த வீட்டம்மா அந்தக் காலத்திலேயே போலியைக் கொடுத்திருந்தால்? அப்புறம் தங்கை முகத்தில் எந்த ஜென்மத்தில் விழிப்பது?

காசுக் கடை ஒரு சாவி செய்கிறவர் கடைக்கும் பூட்டிக் கிடந்த ஒரு ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது. கண்ணாடி மேசை, கைவிளக்கு, ஒரு சிறு தராசு. கடைக்காரர் நெஞ்சுவரை தொங்கும் கயிற்றோடு கண்ணாடி மாட்டிய ஒல்லியான மனிதர். பஸ்ஸில் வரும்போது அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. நெருக்கத்தில் ஒருத்தி பையின் மேல் இன்னொருத்தி கை பட்டது, இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

தங்கை காசை வைத்தாள். அவர் விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து, நிறுத்துப் பார்த்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, விளக்குக்கு அடியில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கறைக்கா மேசைக் கண்ணாடியில் யாரோ விட்டுப்போன விரல் ரேகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ" என்றார் அவர், சத்தமில்லாமல். "யாரும்மா இதைப் போட்டு இந்தத் தேய் தேய்ச்சது?"

"நான்தாங்க" என்றாள் கறைக்கா. பரிசு வாங்க மேடைக்கு அழைத்ததுபோல அவசரமாக வந்தது பதில்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சந்தோஷமா சொல்றீங்களே."

"அப்போ பழைய காசுதானா?" என்றாள் தங்கை.

"பழைய காசு. அசல். எடை சரியா இருக்கு, அச்சு நல்ல அச்சு. இவங்க தொடாம இருந்திருந்தா நல்ல மார்க் வந்திருக்கும். இப்ப பாருங்க, மேல முழுக்க முடி மாதிரி கோடு. சோடாவா?"

"சோடா."

"அதே கோடுதான்." அவர் உருப்பெருக்கியைத் தங்கையிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க. கிரீடத்துக்குக் கிட்ட. அப்புறம் திருப்பி இதையும் பாருங்க, பறவையோட கால் இடுக்குல சிவப்பா ஒரு துணுக்கு. இது மட்டும் எப்படியோ தப்பிச்சிருக்கு. அரக்கு மாதிரி இருக்கு."

தங்கை குனிந்து பார்த்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"அம்மா ஒட்டினது" என்றாள் கடைசியில். "தையல் டப்பா மூடியில, உள்பக்கம். அரக்கை உருக்கி இந்தக் காசை ஒட்டி வெச்சிருப்பாங்க. ஞாபகம் இருக்கா உனக்கு?"

"எங்க?" என்று கறைக்கா பதறி முன்னால் வந்தாள். தங்கை கையிலிருந்து உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தாள். இருந்தது, கடுகில் கால்வாசி. "அதை எப்படி விட்டேன்? அத்தனை வெளிச்சத்துல பாத்தேனே." விரல் தானாக நீண்டது, நகம் மடங்கியது.

தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"எவ்வளவு குறையும் சார், இவ துடைச்சதுக்கு?"

"தங்கத்தோட விலை எங்கயும் போகாது. சேகரிக்கிறவங்க கொடுக்கிற விலை போச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தொகையைக் கேக்காதீங்கம்மா. அக்கா தங்கச்சி சேர்ந்து பஸ்ல வந்திருக்கீங்க, சேர்ந்தே போங்க."

கறைக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தங்கையின் பிடி மணிக்கட்டில் அப்படியே இருந்தது. அது கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அனுப்பறதுல பிரயோஜனம் இல்லன்னு நினைக்கிறேன்" என்றார் கடைக்காரர். "கட்டணம் தண்டம். அசல்னு எழுதி, துடைச்சிருக்குன்னும் எழுதி, மார்க் இல்லாம வரும். நீங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடலாம்."

"ஆனா பெட்டியில அடைச்சுத்தானே வரும்?"

"அடைச்சுத்தான் வரும்."

"அதைத் திறக்க முடியுமா?"

"உடைச்சாத்தான்."

"அப்போ அனுப்புங்க."

"எதுக்குடி?" என்றாள் கறைக்கா. "அவரே வேண்டாங்கிறாரு. போற வழியில எங்கயாவது தொலைஞ்சா? மாறிப் போயிட்டா?"

"மாறாதும்மா, காப்பீடு பண்ணித்தான் போகும்" என்றார் கடைக்காரர்.

"அக்கா, நீ வாயைத் திறக்காதே. மூணு வாரம் திறக்காம இருந்தியே, அந்த மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் இரு." தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "எங்க அம்மா காசு, அசல்தான், எங்க அக்கா தேய்ச்சா. இதைத்தானே சார் எழுதுவாங்க? எழுதட்டும். அதுதானே நடந்தது. பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். யார் பெயரில் என்றார். ஒரு பெயர்தான் போட முடியும் என்றார். தங்கை அக்காவின் பெயரைச் சொன்னாள், கடையில் யாரும் கூப்பிடாத அந்த முழுப் பெயரை. திரும்பி வர வேண்டிய விலாசம் என்றார். அதற்கும் அக்காவின் விலாசத்தைச் சொன்னாள். கதவு எண் மட்டும் தவறாக வந்தது. கறைக்கா திருத்தினாள்.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணு" என்றாள் தங்கை. "வீட்டுல வெச்சிருந்தா பெட்டி மேல தூசி படியுமே. என்ன பண்றது?"

"பெட்டியைத் தாராளமா துடைக்கலாம். மெத்துன்னு ஒரு துணி போதும்."

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"காதுல விழுந்துச்சா? பெட்டியை மட்டும்."